ஒன்பதாவது பத்தி

என் எதிர்ப் பக்கத்துக்காரிக்கு,

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் அலமாரி ஒழித்துக்கொண்டிருந்தோம். முடிந்துபோன வழக்குகளின் கோப்புகள் கூரையைத் தொட்டுவிட்டன. என் கிளார்க் கவிதா ஒவ்வொன்றாக இறக்கி, "இது ஷ்ரெட் பண்ணிடலாம் லா மேடம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். நானும் நிமிர்ந்து பார்க்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பிலிருந்து ஒரு தாள் நழுவி என் காலடியில் விழுந்தது. ஓரத்தில் பீட்ரூட் கறை. நடுவில் ஒரே பத்தியை மூன்றாக வெட்டி, பச்சை மையில் இரண்டு கோடுகள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்து பச்சைப் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த வக்கீல் நீ ஒருத்திதான்.

"இத மட்டும் வைம்மா" என்றேன். கவிதா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் போடப் போய்விட்டாள்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை வருடப் பழக்கத்தில் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. எழுதியதெல்லாம் மனுக்கள். நான் வேலை இழந்தவர்களுக்காக முறையீட்டு மனு எழுதுவேன். நீ கம்பெனிகளுக்காகப் பதில் மனு எழுதுவாய். கோலாலம்பூரில் வழக்குகளுக்கா பஞ்சம்? வருடத்துக்கு நாலைந்தாவது நம் இருவர் கையெழுத்தையும் எதிரெதிரே நிறுத்திவிடும். இந்த மடலை உன் மகள் படிக்கக்கூடும். அவள் படிப்பது வேறு, சட்டம் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கிக்கொண்டே போகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பயிற்சிக்காலத்தில் ஒரே வக்கீல் அலுவலகத்தில், ஒரே மேசையின் இரண்டு பக்கம் நமக்கு. உன் பக்கம் எப்போதும் துடைத்துவிட்டது போல இருக்கும். என் பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் வழக்குத் தாள்களும் கலந்து கிடக்கும். பயிற்சி முடிந்ததும் நீ அங்கேயே தங்கி முதலாளிமார்களுக்கு எழுத ஆரம்பித்தாய். எனக்கு அது ஒத்துவரவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் இந்தக் கடைவீட்டில் பெயர்ப்பலகை மாட்டினேன். திறப்புவிழாவுக்கு வந்து, "பரவால்ல, இத்தன படி ஏறி வர்றவங்க உண்மையிலேயே பாதிக்கப்பட்டவங்களாத்தான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு என் நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவளும் நீதான்.

வெள்ளிக்கிழமை மதியம் வாழை இலைச் சாப்பாடு நமக்கு எழுதாத ஒப்பந்தம். அதற்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தோம். இலையை மடிக்கும் வரை வழக்கைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. காலையில் நீதிமன்றத்தில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிய நாட்களில்கூட, மதியம் உன் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்து என் இலையில் வைப்பாய். நான் உன்னை 'முதலாளி வக்கீல்' என்பேன். நீ என்னை 'கண்ணீர்க் கம்பெனி' என்பாய். பரிமாறும் அண்ணனுக்கு நாம் இருவரும் அக்கா தங்கை என்றே நினைப்பு. நாமும் திருத்தவில்லை.

அந்த விதியை நான் உடைத்தது ஒரே ஒரு முறை. லெட்சுமி அக்காவுக்காக.

லெட்சுமி அக்கா தெலுக் பங்லிமா காராங்கில் பிளாஸ்டிக் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கும் மேல் பேக்கிங் பிரிவில் நின்றவர். ஒரு திங்கட்கிழமை விடியலில் அவருடைய இளைய மகன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது லோரியில் அடிபட்டான். மருத்துவமனையில் ஒரு நாள் உயிரோடு இருந்தான். செவ்வாய்க்கிழமை போய்விட்டான். அக்கா வியாழக்கிழமை வரை வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாள் கடிதம் வந்தது. முன்னனுமதி இல்லாமல், தகவலும் சொல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலைநாட்களுக்கு மேல் வராததால் வேலை ஒப்பந்தத்தை அவரே முறித்துவிட்டதாக அதில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் செய்ததாக அக்கா சொன்னார். அப்படி ஒரு போன் வரவே இல்லை என்றது கம்பெனி.

கருமாதி முடிந்த மறுநாள் என் படியேறி வந்தார். "வேற எதும் வேணாம் லாயரம்மா. வேல மட்டும் வாங்கிக் குடுங்க. வீட்டுல உக்காந்தேன்னா அவன் ரூமு கதவையே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். எழுந்து, குளித்து, ஆறு மணி பேருந்துக்கு ஓட வேண்டிய ஒரு காரணம் அவருக்கு வேண்டியிருந்தது. அது போய்விட்டால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மனுவை ஒரே மூச்சில் எழுதினேன். அதில் ஒன்பதாவது பத்தியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. மகன் இறந்தது, அன்றைக்கே அக்கா சூப்பர்வைசரைக் கூப்பிட்டது, அவர் 'சரி, வர வேணாம்' என்று சொன்னது, இருந்தும் கம்பெனி ஈவிரக்கம் இல்லாமல் நடந்துகொண்டது என்று எல்லாவற்றையும் ஒரே பத்தியில் பொங்கிப் பொங்கி எழுதியிருந்தேன். படிக்கிற தொழில் நீதிமன்றத் தலைவருக்குத் தொண்டை அடைக்க வேண்டும் என்பது என் கணக்கு.

பதில் மனு வந்தது. கீழே உன் கையெழுத்து. ஐந்து முதல் பதினான்கு வரையுள்ள பத்திகள் முழுவதும் மறுக்கப்படுகின்றன, வாதி அவற்றைத் தக்க சான்றுகளுடன் நிரூபிக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த வரியை நாம் இருவரும் பயிற்சிக்காலத்தில் நூறு தடவை தட்டச்சு செய்திருக்கிறோம். பழைய பதில் மனு ஒன்றை எடுத்து, பெயரையும் பத்தி எண்ணையும் மாற்றினால் போதும். எதையாவது மறுக்காமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடுமே என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மறுத்துவிடுவது நம் ஆட்களின் பழக்கம். மகன் இறந்ததும் அந்த மறுப்பில் சேர்ந்துபோனது எனக்கும் கண்ணில் படவில்லை. வழக்கம்போல அக்காவை உட்கார வைத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "ஒம்பதாவது பத்தி மறுக்கப்படுது, நீங்க நிரூபிக்கணும்னு கேக்கறாங்க."

"ஒம்பதுல என்னாம்மா இருந்திச்சு?"

படித்துக் காட்டினேன். அக்கா கேட்டார்.

"அப்ப எம் பையன் சாகலங்கறாங்களா?"

அவர் கைப்பையைத் திறந்து, லாமினேட் செய்த இறப்புச் சான்றிதழை எடுத்து என் மேசையில் வைத்தார். அதை எப்போதும் கூடவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "இதுல அவன் பேரு இருக்கு, ஐ.சி. கார்டு நம்பர் இருக்கு. இன்னும் என்னா காட்டணும்? சாகலன்னா எங்க இருக்கான்னு அவங்களயே சொல்லச் சொல்லுங்கம்மா, நான் போயி கூட்டிட்டு வரேன்."

'இது சட்டத்துல வழக்கமா எழுதுறதுதான், அக்கா' என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நான் பசியோடு வரவில்லை. இலை போட்டு, காய்கறி வைத்து, சோறு வருவதற்கு முன்னால் இரண்டு மனுக்களையும் உன் இலைக்குப் பக்கத்தில் போட்டேன். நீ விதியை ஞாபகப்படுத்த வாயெடுத்தாய். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாய்.

"செத்துப்போன பையன செத்துப்போகலன்னு எழுதியிருக்க. படிச்சியா?"

நீ இரண்டையும் படித்தாய். சோற்றுத் தூக்கோடு வந்த அண்ணன் நம்மைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். உன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"படிக்கலடி" என்றாய். "ரெண்டு நாள்ல ஃபைல் பண்ணணும்னாங்க. பழைய ரிப்ளைய எடுத்து நம்பர மாத்துனேன். படிக்கவே இல்ல."

அதோடு விட்டிருந்தால் நானும் அழுதுவிட்டு சாப்பிட்டிருப்பேன். ஆனால் நீ அப்படி விடுகிறவளா? பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தாய். என் மனுவை உன் பக்கம் இழுத்தாய். அது பீட்ரூட் பொரியலில் தோய்ந்துகொண்டே வந்தது. ஒன்பதாவது பத்தியில் இரண்டு கோடு போட்டாய்.

"நான் தப்பு பண்ணேன். ஆனா நீ என்னா எழுதியிருக்கன்னு பாரு. சாவு, போன், லீவு, மூணையும் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்க. படிச்சிருந்தாலும் நான் எத ஏத்துக்கறது? போன் வரலன்னு கம்பெனி சொல்லுது. மூட்டையத் திருப்பித்தானே அனுப்பணும்?"

"இப்ப எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"இல்லடி. அந்தம்மாவோட பையன கொண்டு போயி போன் சண்டைக்கு நடுவுல வச்சது நீன்னு சொல்றேன்."

நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். சாப்பிடாத இலையை விட்டுவிட்டு அந்தக் கடையிலிருந்து நான் வெளியேறியது அன்றுதான். மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. நீ இரண்டு முறை அழைத்தாய், நான் எடுக்கவில்லை. ரோஷம். உண்மை சொன்னவள்மேல் வருகிற ரோஷத்துக்கு ஆயுள் அதிகம்.

ஆனால் அந்தப் பச்சைக் கோடுகள் என்னை விடவில்லை. எத்தனை தடவை படித்தாலும் நீ சொன்னதுதான் சரி. தலைவருக்குத் தொண்டை அடைக்க வேண்டும் என்று நான் எழுதிய பத்தி அது. லெட்சுமி அக்காவுக்காக எழுதியது இல்லை. அவருடைய மகனின் சாவை நான் என் வாதத்துக்கு முட்டாகக் கொடுத்திருந்தேன். மனுவைத் திருத்த அனுமதி கேட்டேன். நீ எதிர்ப்புச் சொல்லாமல் சம்மதித்துக் கடிதம் அனுப்பினாய். புதிய மனுவில் ஒன்பதாவது பத்தி இப்படி இருந்தது: வாதியின் மகன், செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனையில் காலமானார். முற்றுப்புள்ளி. பத்தில் போன். பதினொன்றில் சூப்பர்வைசர் சொன்னது. ஈவிரக்கம் முதலான சொற்களை எல்லாம் எடுத்துவிட்டேன். எழுதி முடித்தபோது மனு மெலிந்துபோய் நின்றது. தோற்றுவிடுவோமோ என்றுகூடப் பயந்தேன்.

உன் திருத்திய பதில் மனு பத்து நாளில் வந்தது. 'ஒன்பதாவது பத்தி ஒப்புக்கொள்ளப்படுகிறது. வாதியின் இழப்புக்கு நிறுவனம் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.' இரண்டாவது வரி எந்தப் பழைய மனுவிலும் இல்லாதது. இத்தனை வருடத்தில் கம்பெனிகளின் பதில் மனு எத்தனையோ படித்திருக்கிறேன். வருத்தம் தெரிவித்த மனு அது ஒன்றுதான்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னொரு வாட்டி படிங்கம்மா" என்றார். படித்தேன். "அந்த மொத வரிய மட்டும்" என்றார். மறுபடியும் படித்தேன். என் படியேறி வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை; அன்றைக்கு அழுதார். போகும்போது அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போனேன். நீ ஏற்கனவே இரண்டு இலை போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாய். மூன்று வாரமும் இப்படித்தான் இரண்டு இலை போட்டுக் காத்திருந்தாய் என்று பரிமாறும் அண்ணன்தான் என் காதில் போட்டார். நான் உட்கார்ந்தேன். நீ அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாய். இருவரும் மன்னிப்பு கேட்டுக்கொள்ளவில்லை. விதிப்படி வழக்கைப் பற்றிப் பேசவுமில்லை.

அந்த வரிக்காக நீ என்ன பாடு பட்டாய் என்பதை வழக்கு முடிந்து வெகுநாள் கழித்துத்தான் சொன்னாய். கம்பெனி மேனேஜர் மேசையைத் தட்டியிருக்கிறார். "ஒத்துக்கிட்டா தோத்துட மாட்டோமான்னு கேட்டாரு. பையன் செத்ததுல ஜெயிக்கறதுக்கு என்னா இருக்கு சார்னு கேட்டேன்" என்று ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துக்கொண்டே சொன்னாய், என்னவோ சாதாரண விஷயம் போல. உனக்கு அந்தக் கம்பெனியின் வழக்குகளே அதன் பிறகு வராமல் போனதையும் அதே மூச்சில் சொன்னாய்.

வழக்கு முடிந்த விதம்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். மூட்டை பிரிந்த பிறகு சண்டைக்கு மிஞ்சியது பத்தாவது பத்தி ஒன்றுதான். போன் வந்ததா, இல்லையா? முதல் தடவை கம்பெனியில் அந்த சூப்பர்வைசரிடம் முழு மனுவையும் காட்டி 'இதெல்லாம் பொய்தானே' என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் வேலைக்குப் பயந்து தலையாட்டியிருக்கிறார். நீ அவரை உன் அறையில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். "கூப்பிட்டாங்க மேடம். அன்னைக்கு மிஷின் நின்னுபோச்சு. ஓஃபிஸ்ல சொல்ல மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார் மனுஷன். அதை மறைத்து வைக்க உனக்கு மனம் வரவில்லை. கம்பெனியை நீயே இழுத்து வந்து சமரசத்துக்கு உட்கார வைத்தாய். விசாரணை தொடங்குவதற்கு முன்பே லெட்சுமி அக்கா பழைய இடத்தில், பழைய ஷிப்டில் போய் நின்றார். நான் ஜெயித்த வழக்கு என்று ஊரில் பெயர். நம் இருவருக்கும் தெரியும் அது யார் வேலை என்று.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. வெள்ளிக்கிழமைச் சாப்பாடு கிள்ளானில் உன் வீட்டுக் கட்டிலுக்கு இடம் மாறியது. நான் கடைச் சாப்பாட்டைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவேன். நீ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியை என்னைச் சாப்பிட வைத்து வேடிக்கை பார்ப்பாய். கடைசிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, திடீரென்று கேட்டாய்.

"இத்தன வருஷம் கம்பெனி பக்கமே நின்னேன். ஆளுங்களுக்குக் கெட்டதுதான் பண்ணியிருக்கேனாடி?"

"மறுக்கிறேன்" என்றேன்.

நீ சிரித்தாய். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரித்தாய். "சும்மா மறுத்தா ஆச்சா? நிரூபி" என்றாய். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். தோன்றியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்குத் தீராது.

நீ போன அன்று கிள்ளான் வீட்டில் கூட்டம். கோட்டு போட்ட கம்பெனி ஆட்கள், வக்கீல்கள், உன் மாமியார் வீட்டார். நான் மாமரத்தடி பிளாஸ்டிக் நாற்காலியில் அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். தமிழ்ப் பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்துவிட்டு லெட்சுமி அக்கா வந்தார். காலை ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார், தொழிற்சாலைச் சீருடையோடு. வாய்க்கரிசி போட சொந்தக்காரப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றார். உன் தங்கை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க யாரு, அக்கா? எங்க அக்காவுக்கு என்னா ஒறவு?" என்று கேட்டாள்.

"ஒறவு ஒண்ணும் இல்லம்மா" என்றார் அக்கா. "இவங்க கம்பெனி லாயரு. என் கேஸ்ல எனக்கு எதிரா நின்னவங்க. எம் பையன் செத்தது நெசந்தான்னு எழுத்துல எழுதிக் குடுத்தவங்க."

உன் தங்கைக்கு என்ன புரிந்ததோ தெரியாது. நகர்ந்து வழி விட்டாள். லெட்சுமி அக்கா அரிசியை எடுத்து உன் வாயில் போட்டார். கூடவே உன் நெற்றியில் விழுந்திருந்த ஒரு முடியையும் ஒதுக்கிவிட்டார். நீ கேட்ட நிரூபணம் அங்கே நின்றுகொண்டிருந்தது, நீ பார்க்கவில்லையே என்று அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் இன்னும் இதே பக்கம்தான் நிற்கிறேன். செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து, சாலாக் செலாத்தானிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ படியேறி வருகிறார்கள். கோபம் குறையவில்லை, மூட்டை கட்டும் ஆசையும் முழுதாகப் போகவில்லை. ஆனால் யாருடைய வாழ்க்கையிலும் வலிக்கிற அந்த ஒரு உண்மையை எழுதும் இடம் வந்தால் நின்றுவிடுகிறேன். அதைத் தனியாக, பக்கத்தில் சண்டை எதுவும் இல்லாமல் உட்கார வைக்கிறேன். எதிர்ப் பக்கம் இப்போது யார் யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள். நான் எழுதுவதென்னவோ உனக்குத்தான். நீ படித்தால் இதை ஒத்துக்கொள்வாயா என்று கேட்டு, உன் முகம் சம்மதித்த பிறகுதான் அடுத்த பத்திக்கு எண் போடுகிறேன்.